கே.எம். ஆதிமூலத்தின் அருவ ஓவியங்கள்: செய்முறையும் அச்சும்

தமிழ் வாசகர்கள் கே.எம். ஆதிமூலத்தை (1938–2008) பெரும்பாலும் கோட்டோவியராகவே அறிவர். 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி ஓவியங்களும், கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்த படங்களும், நூல் முகப்புகளும் இதற்குக் காரணங்களாகும். பின்னாளில் அவர் தீட்டிய அருவ எண்ணெய்வண்ண ஓவியங்கள் இலக்கிய உலகில் அதே அளவு பேசப்படவில்லை. அவை புரியாதவை என்பதே வழக்கமாகக் கூறப்படும் காரணம். இது முழுமையான விடையாகாது.

மைக்கோட்டை அழித்துத் திருத்துதல் எளிதன்று. கை தொடங்கிய இடம், அழுத்திய இடம், விரைந்த இடம் ஆகிய அனைத்தும் தாளில் தங்கிவிடுகின்றன. காந்தி ஓவியங்களில் நாம் முகத்தை இனங்கண்டு நிறைவடைகிறோம். அதனை உருவாக்கிய கையின் இயக்கத்தைப் பின்தொடர்வதில்லை.

அருவ ஓவியங்களில் உருவம் விலக, அவ்வியக்கமே முன்னிற்கிறது. தட்டைக் கத்தியால் இழுக்கப்பட்ட வண்ணம் பட்டையாகப் படிந்து விளிம்பில் மேடு கட்டுகிறது. மேற்பூச்சின் இடைவெளியில் அடிப்பூச்சு தெரிகிறது. எது முன்னர் இடப்பட்டது, எது பின்னர் வந்தது என்னும் வரிசையைக் கண் ஓரளவு படித்தறிய முடிகிறது. எனவே, அவர் கோட்டைக் கைவிட்டு வண்ணத்திற்குச் சென்றார் என்பதினும், கோட்டில் பதிந்த கையசைவை வண்ணத்தின் கனத்திற்குக் கொண்டுசென்றார் என்பதே பொருந்தும்.

இவ்விடத்தில் அச்சின் பங்கு கருதத்தக்கது. கறுப்புக் கோட்டை இதழ்த்தாள் பெரிதும் சிதைக்காமல் ஏற்றுக்கொள்ளும். வண்ணத்தின் மேடுபள்ளத்தை அது தட்டையாக்கிவிடும். செய்முறையின் தடயம் மறைந்து நிறங்களின் அடுக்கு மட்டுமே எஞ்சும். அந்நிலையில் ‘இது எதைக் குறிக்கிறது?’ என்ற வினாவே எழுகிறது. பச்சையைக் கண்டு முல்லை என்றும் செம்பழுப்பைக் கண்டு பாலை என்றும் திணைப்பெயர் சூட்ட முனைகிறோம். நிலத்தின் நினைவு அவ்வோவியங்களில் இல்லை என்பதன்று. அதனை மட்டும் கூறுவது, பாட்டின் பொருளுரைத்து ஓசையை விட்டுவிடுவதனை ஒக்கும்.

செய்முறை தெரிவதாலேயே ஓர் ஓவியம் சிறந்ததாகிவிடாது. தழும்புகளைச் செயற்கையாகவும் உண்டாக்கலாம். ஒவ்வொரு பூச்சும் முந்தைய பூச்சுக்கு விடையாக அமைகிறதா என்பதே மதிப்பீட்டின் அளவுகோலாதல் வேண்டும். அதனைப் படியைக் கொண்டு அறிய இயலாது. மூலபாடத்தைக் காணாது உரையெழுதத் துணியாத நாம், மூல ஓவியத்தின்முன் நில்லாது அதனைப் புரியாதது என்று தீர்ப்பளிப்பது முறையன்று.