மார்க்கோ போலோவின் ஒற்றைக் கொம்பன்

பழைய நூல்களில் வரும் விசித்திர மிருகங்களை ஆராய்கிற பண்டிதர்கள், எதற்குப் பின்னால் எந்த நிஜப் பிராணி இருந்தது என்று தெரிந்ததுமே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். மேல்நாட்டார் கொண்டாடிய ஒற்றைக் கொம்புக் குதிரை காண்டாமிருகந்தான் என்று சொல்லிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. கதை எழுதுகிற எனக்கு வேலை அங்கேதான் ஆரம்பமாகிறது. காண்டாமிருகம் எப்படிக் குதிரையாயிற்று?

கி. மு. 400-ஐ ஒட்டிப் பாரசீக அரண்மனையில் வைத்தியராக இருந்த க்டீஸியஸ் என்ற கிரேக்கர் இந்தியாவைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். இந்தியாவை அவர் பார்த்ததில்லை. குதிரை பருமனுள்ள காட்டுக் கழுதை, வெள்ளை உடல், செந்நிறத் தலை, நீலக் கண், மூன்று வர்ணத்தில் ஒரு கொம்பு. அந்தக் கொம்பில் செய்த கோப்பையில் குடிப்பவனை விஷம் தீண்டாது. யாரோ சொன்னதைக் கேட்டு அழகாகவே எழுதிவிட்டார். பின்னால் வந்த ஐரோப்பியர் மேலும் மெருகிட்டார்கள். வேடனுக்குச் சிக்காத மிருகம் கன்னிப் பெண்ணின் மடியில் தானே வந்து தலை சாய்க்கும் என்றார்கள்.

1298-ல் ஜெனோவா நகரத்துச் சிறையில் மார்க்கோ போலோ தம் பிரயாணத்தைச் சொல்ல, உடனிருந்த கைதி ருஸ்டிக்கெல்லோ எழுதினார். அவரோ ஆர்தர் ராஜா கதைகள் எழுதிப் பழகியவர். ஒரு வெள்ளைக் குதிரையை உள்ளே விட அவருக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! ஆனால் சுமத்ராத் தீவின் ஒற்றைக் கொம்பனை வர்ணிக்கும் இடம் வேறு தினுசு. ஏறக்குறைய யானை பருமன், எருமை மயிர், யானைக் கால், தடித்த கறுப்புக் கொம்பு, தரையைப் பார்த்தே தொங்கும் காட்டுப் பன்றித் தலை. சேற்றில் கிடப்பதில் அதற்கு ஆனந்தம், பார்க்கவோ அவலட்சணம். கன்னி மடியில் அகப்படும் பிராணி இதுவல்ல என்றும் பட்டென்று சொல்லிவிடுகிறார்.

அது முள் நாக்கால் தாக்கும் என்று அவரும் ஒரு கேள்விச் சரக்கைச் சேர்த்திருக்கிறார். பரவாயில்லை. பெயரை ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டாலும், மிருகத்தைக் கண்ணால் கண்டபடி வைத்தார். தன் ஏமாற்றத்தை மறைக்காதவன் வார்த்தையை நம்பலாம் என்பது என் அபிப்பிராயம்.

அழகான பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம் என்று ரசிகர் கேட்கலாம். நஷ்டம் உண்டு. கொம்பு விஷத்தை முறிக்கும், மருந்தாகும் என்ற நம்பிக்கை கிரேக்கரிடம் மட்டும் இருந்ததல்ல, சீனத்திலும் உண்டு. அது நூற்றாண்டுக் கணக்கில் வேட்டைக்காரர்களைக் காட்டுக்குள் அனுப்பியது. வியத்நாமின் கடைசிக் காண்டாமிருகம் 2010-ல் காலில் குண்டு பாய்ந்து, கொம்பு அறுபட்டுக் கிடந்தது. காடும் அழிந்து வேட்டையும் நடந்ததில், சுமத்ராக் காண்டாமிருகங்களில் இன்று எஞ்சியவை ஐம்பதுக்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள்.

எழுத வருகிற இளைஞர்களுக்குப் போலோவின் அந்த ஒரு பக்கத்தைச் சிபாரிசு செய்கிறேன். க்டீஸியஸின் கழுதையை ஒரு தடவை ரசித்துவிட்டு மூடிவிடலாம். சேற்றில் கிடக்கும் அந்தக் குரூபியிடம் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.