முட்டைக்குத் தாய் யார்?

நந்தனம் என்றால் நமக்கு ஒய்.எம்.சி.ஏ. மைதானம், புத்தகக் காட்சி. கோழி வளர்ப்பவர்களிடம் சொல்லிப் பாருங்கள், கோழியா, காடையா, வான்கோழியா என்று கேட்பார்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இங்கே இருந்ததால் வந்த பெயர்கள் அவை. நந்தனம் வான்கோழி, நம் கறுப்பு வான்கோழிக்கும் அமெரிக்க பெல்ட்ஸ்வில் வெள்ளைக்கும் பிறந்தது. நிலையம் பிறகு மாதவரம் போய்விட்டது.

இந்த இனங்களின் எடையையும் முட்டை எண்ணிக்கையையும் பிறர் புகழட்டும். நான் ரசிப்பது இனவிருத்திக்குப் பின்னால் நடக்கும் கணக்கு வேலையை. கிராமத்தில் மயில், கீரி, காகம், நூலான் என்று இறகு நிறத்தைப் பார்த்தே சேவலைச் சொல்லிவிடுவார்கள். வெள்ளை லெகார்ன் கூட்டம் நிற்கும் கொட்டகையில் அந்தக் கண் எடுபடாது. அங்கே எண்தான் பெயர்.

எண் போடுவது சுலபம். இந்த முட்டை இந்தக் கோழியுடையது என்று சந்தேகமில்லாமல் எழுதுவதுதான் வித்தை. அதற்கென்றே டிராப் நெஸ்ட் என்ற பெட்டி இருக்கிறது. முட்டையிட உள்ளே நுழையும் கோழியின் உடம்பு பட்டதும் கதவு விழுந்துவிடும். பணியாளர் வந்து கோழியை எடுத்து, எண்ணைப் படித்து, அதை முட்டையின் மேல் தேதியோடு எழுதிய பிறகுதான் விடுதலை. எழுதுவது பென்சிலால், ஓட்டின் நுண்துளைகள் வழியே மை உள்ளே இறங்கிவிடும். ஒரு நாளில் பலமுறை சுற்றிவர வேண்டும். சித்திரை வெயிலில் தாமதித்தால் உள்ளே கோழி தவித்துப்போகும். ஞாயிறு, பொங்கல் எதுவும் கோழிக்குக் கிடையாது. பெட்டிக்கு வெளியே தரையில் இட்ட முட்டை எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் வம்சக் கணக்கில் சேராது.

இப்படிச் சேர்ந்த பதிவேட்டைப் படிப்பது தனிச் சுகம். ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் கோழி நாளுக்கு நாள் சற்றுத் தாமதமாக இட்டுக்கொண்டே வந்து, ஒரு நாள் இடாமல் விட்டு, மறுபடி காலையிலிருந்து தொடங்கும். நல்ல கோழியின் பதிவேட்டுப் பக்கத்தில் அந்த இடைவெளி அபூர்வம். காலையில் தொடங்கும் கோழிக்குக் காடை நேர்மாறு, பெரும்பாலும் மாலையில்தான் இடும். ஆனால் ஒவ்வொரு காடையும் தன் முட்டைகளில் தனக்கே உரிய புள்ளிக்கோலம் போடும். பழகிய கண்ணுக்குப் பென்சில்கூட வேண்டாம்.

அடுத்த கண்டம் இன்குபேட்டரில். 18ஆம் நாள் வரை கோழி முட்டைகள் கலந்திருந்தாலும் எழுத்து காப்பாற்றும். 21ஆம் நாள் ஓடு உடைந்தால் எழுத்தும் போய்விடும். அதனால் ஒவ்வொரு தாயின் முட்டைகளையும் முன்கூட்டியே தனித்தனி வலைப்பெட்டியில் அடைத்துவிடுவார்கள். பொரித்த குஞ்சை அதிலிருந்து எடுத்ததுமே இறக்கையின் மெல்லிய தோல்மடிப்பில் எண் பொறித்த அலுமினியப் பட்டையை மாட்ட வேண்டும். ஓரத்தில் குத்தினால் கிழியும், எலும்பை ஒட்டிக் குத்தினால் வளரும்போது இறுக்கும். இரண்டுக்கும் நடுவே சரியான இடம் அறிந்த கைகளுக்கு நான் ரசிகன்.

இவ்வளவு சிரத்தை வேண்டுமா? அமெரிக்காவில் மெய்ன் மாநில ஆராய்ச்சி நிலையத்தார் 1898 முதல் 1907 வரை, நிறைய முட்டையிட்ட கோழிகளையே தாயாக்கிப் பார்த்தார்கள். மந்தையின் சராசரி உயரவில்லை. பிறகு அங்கேயே ரேமண்ட் பேர்ல் என்ற ஆய்வாளர், மகள்கள் இட்ட முட்டைக் கணக்கை வைத்துத் தாயையும் சேவலையும் தேர்ந்தெடுத்தார். அப்புறம்தான் முட்டை கூடியது. சேவலின் தரம் அதன் மகள்கள் வழியாகத்தான் தெரியும். மகள் யாரென்று தெரிய அந்தப் பட்டை வேண்டும். இப்போது கதவுக்கும் பணியாளருக்கும் பதிலாக, கோழியை அடையாளம் காட்டும் மின்னணு வில்லை வந்திருக்கிறது. வேலை மிச்சம், எனக்கு ரசனை குறைவு.

மொட்டைமாடியில் சிறுவிடை வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடைகாத்த கோழியையே தாய் என்று எழுதிவிடாதீர்கள்; அதன் அடியில் பல கோழிகளின் முட்டை இருக்கலாம். பட்டை கிடைக்காவிட்டால் விரலிடைச் சவ்வில் துளையிடலாம். இரண்டு காலிலும் சேர்த்து நான்கு சவ்வுகள், ஆக 16 குடும்பங்களைப் பிரித்தறியலாம். பொரித்த அன்றே செய்யுங்கள். குத்திய தோலை முழுதாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் துளை மூடிக்கொள்ளும்.