பினோதினி ஏற்காத முன்னுரை

1912இல் கல்கத்தாவில் வெளிவந்த 'அமார் கதா' (என் கதை) என்னும் தன்வரலாற்று நூலுக்கு ஒரு முன்னுரை எழுதப்பட்டது. எழுதியவர் கிரீஷ் சந்திர கோஷ். வங்க மேடையின் பெரும் நாடகாசிரியர், நடிகர். நூலாசிரியை பினோதினி தாசிக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த குரு. எழுது என்று அவரைத் தூண்டியவரும் இவரே. பினோதினி முன்னுரையைப் படித்துப் பார்த்தார். நடந்தவை பலவும் அதில் சொல்லப்படவில்லை என்று மனம் ஒப்பவில்லை. கசப்பான உண்மைகளையெல்லாம் எப்போதும் சொல்லிவிட முடியாது என்பது குருவின் பதில். வேறொன்று எழுதித் தருவதற்குள் அந்த ஆண்டு பிப்ரவரியில் அவர் காலமானார். நூல் முன்னுரையில்லாமல் வந்தது. மறு ஆண்டுப் பதிப்பில்தான் அந்த முன்னுரையும், அதை முதலில் ஏன் சேர்க்கவில்லை என்ற பினோதினியின் விளக்கமும் ஒரே அட்டைக்குள் இடம்பெற்றன.

பாலியல் தொழில் செய்த குடும்பங்கள் வாழ்ந்த பகுதியில் பிறந்து, தன்னைத் 'தாசி' என்றே கையெழுத்திட்ட ஒரு பெண், ஊரே மதித்த ஒரு மனிதர் எழுதிக் கொடுத்ததை 'இது போதாது' என்று ஒதுக்கிவைத்தது சிறிய காரியம் இல்லை. ரிம்லி பட்டாச்சார்யாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக இந்த நூலைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போகச் சற்று நேரம் பிடிக்கிறது. நடிகைகள் தங்களுக்கு நேர்ந்ததைப் பேசத் தொடங்கினால், அந்தப் பேச்சை இன்னொருவர் கையில் வாங்கி, தட்டிக்கொட்டி, சபைக்கு ஏற்றதாக்கித் தருவது இன்றும் நடக்கிறது. 1912இல் ஒருத்தி அதை வேண்டாம் என்றிருக்கிறாள்.

அப்படி அவர் விடாப்பிடியாகச் சொல்ல விரும்பியது என்ன?

பினோதினி மேடைக்கு வந்தது பாட்டின் வழியாக. அவர்கள் வீட்டில் குடியிருந்த கங்கா பாய் என்ற பாடகியிடம் சிறுவயதில் இசை கற்றார். 1874இல், பதினொன்று பன்னிரண்டு வயதில், கிரேட் நேஷனல் தியேட்டரில் மாதம் பத்து ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்க்கப்பட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெங்கால் தியேட்டர் பெண்களை மேடையேற்றியிருந்தது. அதை ஏற்காமல் அதன் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகியவர்களில் ஈசுவர சந்திர வித்யாசாகரும் ஒருவர். விதவை மறுமணத்துக்காகப் போராடிய அதே வித்யாசாகர்! பாட்டும் ஆட்டமும் நிறைந்த அன்றைய வங்க மேடைக்கு இந்தப் பெண்களின் குரல் தேவைப்பட்டது. அந்தக் குரலுக்குரியவர்களை வீட்டுக்குள் அழைக்க யாருக்கும் மனமில்லை.

அவருடைய மேடை அனுபவங்களில் சில, பயத்தின் கதைகள். 1875இல் லக்னோவில் 'நீல் தர்ப்பண்' நடந்தபோது, வெள்ளைக்கார இண்டிகோத் துரையை விவசாயி அடிக்கும் காட்சியில், பார்த்துக்கொண்டிருந்த வெள்ளையர்கள் கொதித்தெழுந்து மேடையை நோக்கி வந்தார்கள். நாடகம் பாதியில் நின்றது. உள்ளே நடுங்கிக்கொண்டிருந்த நடிகைகளில் ஒருத்தியாக அதைச் சொல்கிறார் பினோதினி. நாடக வரலாறுகளில் இது தேசிய எழுச்சியின் சம்பவம்; அவருடைய எழுத்தில், ஊர் திரும்ப முடியுமா என்று அழுத சிறுமிகளின் இரவு.

ஆனால் நூலின் கனம் வேறிடத்தில் இருக்கிறது. நேஷனல் தியேட்டர் பிரதாப் ஜஹுரி என்ற வியாபாரியின் கையில் இருந்தபோது பினோதினி விடுப்பில் போனார். திரும்பி வந்தவருக்கு விடுப்புக் காலத்துச் சம்பளம் இல்லை என்றார் முதலாளி. 'மேகநாத வதம்' நாடகத்தில் ஒரே இரவில் ஏழு வேடங்கள் கட்டியவர் அவர். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சம்பளம், விடுப்பு, நிலுவை என்று அவர் பேசும் இந்தப் பக்கங்களை நம் ஆய்வாளர்கள் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். பக்தியும் கண்ணீரும் கிடைக்கும் பக்கங்கள் அவர்களுக்குப் போதுமானவையாக இருக்கின்றன. எனக்கோ, நடிப்பைத் தன் உழைப்பாகக் கணக்கிடத் தெரிந்த ஒருத்தி தெளிவாகத் தெரிவது இங்கேதான்.

அந்தச் சமயத்தில் குர்முக் ராய் என்ற பணக்கார இளைஞர் வந்தார். புதிய கொட்டகை கட்டித் தருகிறேன், பினோதினி என்னோடு இருக்க வேண்டும் என்றார். பினோதினி ஏற்கெனவே வேறொருவரின் ஆதரவில் இருந்தார். கூடநடிக்கும் ஆண்கள், குரு உட்பட, அவரிடம் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்தார்கள். கொட்டகை வேண்டாம், ரொக்கமாக ஐம்பதாயிரம் ரூபாய் தருகிறேன் என்று குர்முக் ராயே ஒரு கட்டத்தில் சொன்னபோது, கொட்டகைதான் வேண்டும் என்றவர் பினோதினி. பீடன் தெருவில் கட்டடம் எழும்பியது. மாலை ஒத்திகை முடிந்ததும் கூடை கூடையாக மண் சுமந்து போட்டதாக எழுதுகிறார்.

கொட்டகைக்கு அவர் பெயரின் முதலெழுத்தால் 'பி தியேட்டர்' என்று பெயர் வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். பெயரைப் பதிவு செய்யப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். என்ன பெயர் என்று ஆவலோடு கேட்டார். 'ஸ்டார்' என்றார்கள். சிறிது நேரம் பேச்சு வரவில்லை என்கிறார் பினோதினி. பிறகு, சரி, நல்லது என்றாராம். 1883 ஜூலை 21 அன்று 'தட்ச யக்ஞம்' நாடகத்தோடு ஸ்டார் திறந்தது. சில காலத்துக்குள், சம்பளத்துக்கு நடிப்பவராகக்கூட அவர் அங்கே இருக்க வேண்டாம் என்று பார்த்தவர்கள் இருந்தார்கள்; இரண்டு மாதம் வீட்டில் உட்கார வேண்டியிருந்தது. குர்முக் ராய் விலகியபோது பினோதினிக்கு ஒரு பங்கு தர விரும்பினார். இதெல்லாம் உங்களால் சுமக்க முடியாத பாரம் என்று பினோதினியின் அம்மாவிடம் பேசித் தடுத்தவர் கிரீஷ். பதினோராயிரம் ரூபாய்க்குக் கொட்டகை கைமாறியது. வாங்கிய நால்வரும் ஆண்கள்.

அந்த முன்னுரையில் இல்லாமல் போன உண்மை இதுதான். பங்கைத் தடுத்தவரே முன்னுரை எழுதினால் அதில் பங்கு எப்படி இடம்பெறும்?

1884இல் 'சைதன்ய லீலை'யில் பினோதினி சைதன்யராக நடித்ததும், அதைப் பார்க்க வந்த ராமகிருஷ்ண பரமஹம்சர் அவரை ஆசீர்வதித்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைப் பினோதினியும் நெகிழ்ந்துதான் எழுதுகிறார். ஆனால் வங்க மேடையே அந்த இரவால் புனிதமானது என்று வரலாறு எழுதியவர்கள், அந்த இரவுக்கு மேடை கட்டியது யாருடைய உடலை முன்பணமாக வைத்து என்பதைக் கேட்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில், இருபத்து மூன்று இருபத்து நான்கு வயதில், அவர் மேடையை விட்டே போய்விட்டார்.

சமூகத்தின்மேல் பினோதினி காட்டும் கடுமை எழுத்தின் அழகைக் கெடுக்கிறது என்பது கிரீஷின் குறை. எனக்கு உறுத்துவது வேறு. 'பாவி', 'பாக்கியமற்றவள்' என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் வரிகள் நூலெங்கும் வருகின்றன. சில பக்கங்களில் அது சலிக்கவே செய்கிறது. அன்று ஒரு 'கெட்ட' பெண் எழுத வேண்டுமானால் முதலில் அழுதுதான் ஆக வேண்டும் என்பது புரிகிறது. அந்த அழுகைக்குள் தேதி, தொகை, யார் சொன்னது, யார் பின்வாங்கியது எதுவும் கலங்கவில்லை என்பதையும் கவனிக்கலாம். கடுமையான பக்கங்கள் பொதுவாகப் பேசும் பக்கங்களும் அல்ல. அவர் தன் மகள் சகுந்தலாவைப் பள்ளியில் சேர்க்க முயன்றார். பெண் கல்வி பற்றி மேடைதோறும் பேசப்பட்ட கல்கத்தாவில் இடம் கிடைக்கவில்லை. அந்தக் குழந்தை பன்னிரண்டு பதின்மூன்று வயதில் இறந்துபோனது. எந்த அளவுக்கு மெதுவாகச் சொல்லியிருந்தால் இது அழகாக இருந்திருக்கும் என்று கிரீஷைக் கேட்கத் தோன்றுகிறது.

தமிழ் இசை நாடகத்தை வகுப்பில் நடத்தும்போது பினோதினியை நான் கூடவே கொண்டுபோவதற்குக் காரணம் உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்', அவ்வை தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' என்று நம் மேடையின் நினைவுகள் ஆண் குரல்களில் கிடைக்கின்றன. நல்ல நூல்கள்தாம். ஆனால் கே.பி. சுந்தராம்பாள் கிட்டப்பாவுக்கு எழுதிய கடிதங்களை நாம் காதல் காவியமாக மட்டுமே படித்துப் பழகியிருக்கிறோம். அவர் சம்பாத்தியத்தைப் பற்றி, ஒப்பந்தங்களைப் பற்றி, யார் ஏமாற்றினார்கள் என்பதைப் பற்றி அவரே ஒரு நூல் எழுதியிருந்தால் அதற்கு முன்னுரை எழுத எத்தனை பேர் வந்திருப்பார்கள்! ஸ்பெஷல் நாடகத்தில் இரவு பத்து மணி முதல் விடியும்வரை ஆடும் பெண்களின் பேச்சு, அமெரிக்காவிலிருந்து மதுரைக்கு வந்து தங்கிய மானுடவியலாளர் சூசன் சைசரின் ஆய்வு நூலாகத்தான் 2005இல் புத்தக வடிவம் கண்டது. அதுவும் ஆங்கிலத்தில்.

பினோதினி 1924-25இல் மீண்டும் எழுதினார், இம்முறை 'அமார் அபினேத்ரி ஜீபன்' (என் நடிகை வாழ்க்கை) என்று ஓர் இதழில் தொடராக. அறுபது வயதை எட்டியவரின் நடை இதில் இறுக்கம் தளர்ந்து, சிரிப்பும் ஊர்சுற்றலுமாக இருக்கிறது. தொடர் முடிவடையவில்லை. 1941இல் இறந்தார்.

2024 டிசம்பர் இறுதியில் மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி, ஸ்டார் தியேட்டருக்குப் பினோதினியின் பெயர் சூட்டப்படும் என்று அறிவித்தார். மகிழ்ச்சிதான். ஆனால் அது ஹாத்திபாகானில் இருக்கும் ஸ்டார். பினோதினி மேடையை விட்ட பிறகு, 1888இல், பழைய சகாக்கள் கட்டியது. அவர் மண் சுமந்த பீடன் தெருக் கொட்டகை வேறு கைக்குப் போய், வேறு பெயர்கள் பெற்று, பின்னர் சித்தரஞ்சன் அவென்யூ போடும்போது இடிக்கப்பட்டது.