குலம் கேட்கும் கோயில்

மேலூரை அடுத்த மேலவளவில், மக்கள் வாக்களித்து ஊராட்சித் தலைவராக்கிய முருகேசன், 1997 ஜூன் 30 அன்று தோழர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். வென்றவரின் தகுதி என்ன என்று கொலைகாரர்கள் கேட்கவில்லை. பிறந்த குலம் எது என்றே கேட்டார்கள். “இது வருணாசிரமம் வளர்த்த நஞ்சு; சிலுவையின் நிழலில் ஒதுங்கினால் தீண்டாது” என்பார் உளர். தீண்டாதா? அதற்கு விடை கூறும் நூல், அந்தக் கொலைக்கு 5 ஆண்டுகள் முன்பே, 1992-இல், அதே மதுரையிலிருந்து வெளிவந்தது. பாமா எழுதிய ‘கருக்கு’ என்னும் தன்வரலாறே அந்நூல்.

கிறித்துவத்தின் மூலக் கொள்கை குலப்பெருமைக்குப் பகையானது. ஆபிரகாமின் வழித்தோன்றல்கள் நாங்கள் என்று மார்தட்டியோரை, பிறப்பைப் பேசாதீர், நடத்தையைக் காட்டுவீர் என்று இடித்துரைத்தவர் திருமுழுக்கு யோவான். யூதன், கிரேக்கன், அடிமை, ஆண்டான் என்ற பிரிவுகள் கிறித்துவில் இல்லை என்று கலாத்தியருக்கு எழுதியவர் பவுல். உள்ளத்தின் தூய்மையே உறவுக்கு உரிமை என்பது ஏட்டில் உள்ள சட்டம். நாட்டில் நடந்தது என்ன?

தாத்தா காலத்திலேயே மதம் மாறிய குடும்பம் பாமாவுடையது. ஆயினும், தின்பண்டப் பொட்டலத்தைக் கையால் தொடாமல், கட்டிய நூலைப் பிடித்துத் தூக்கிச் சென்று பண்ணையாரிடம் நீட்டும் தம் தெருப் பெரியவரைச் சிறுவயதில் காண்கிறார். முதலில் சிரிப்பு வருகிறது. அண்ணன் விளக்கம் சொன்னதும் சினம் பொங்குகிறது. ஏழைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று பின்னாளில் துறவு மடம் புகுகிறார். தாழ்த்தப்பட்ட பெண்களைச் சில சபைகள் கன்னியராகச் சேர்ப்பதில்லை என்ற செய்தி அங்கே காதில் விழுகிறது. உலகைத் துறந்தவர்கள் குலத்தைத் துறக்கவில்லை! அவர் மடத்தைத் துறந்தார்.

நூலின் வலிமை எங்கே இருக்கிறது? பாமா வெளியிலிருந்து ஓர் அளவுகோலைக் கொண்டுவரவில்லை. திருச்சபையின் கையிலுள்ள கோலையே வாங்கித் திருச்சபையை அளந்து காட்டுகிறார். எதிரி தந்த கணக்கு என்று எவரும் தள்ளிவிட முடியாது.

சேரிப் பேச்சில் எழுதியதைக் கொச்சை என்று முகம் சுளிப்போரும் உண்டு. சொல்லுக்குக் குலம் கேட்பவர்களுக்கும், பக்தனுக்குக் குலம் கேட்பவர்களுக்கும் என்ன வேறுபாடு? உண்மையைச் சுமக்கும் ஆற்றலே சொல்லின் தகுதி. பனங்கருக்கின் இருபுறக் கூர்மையும் அந்தப் பேச்சில் இருக்கிறது.

குறையும் ஒன்று உண்டு. காயத்தைக் காட்டும் நூல், கத்தி வந்த வழியை விரிவாக ஆராயவில்லை. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, பிராமணத் துறவிபோல் வாழ்ந்து, பரதவர் கோயிலிலிருந்து விலகித் தனிக்கோயில் அமைத்தார். மதம் மாறியோர் பூணூலை வைத்துக்கொள்ள 1623-இல் போப்பாண்டவரின் இசைவும் வந்தது. தாழ்த்தப்பட்டோரிடம் செல்லப் பண்டாரசாமிகள் என்ற வேறு வகைக் குருமார் 1640-இல் தோன்றினர். குலத்தைக் கலைக்காமலே ஆளைச் சேர்த்தார்கள். ஆளோடு சேர்ந்து குலமும் உள்ளே வந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கென எழுப்பிய சுவர் 1910-இல்தான் இடிந்தது. இந்த வரலாற்றையும் இணைத்துப் படித்தால், பாமாவின் துயரம் தற்செயலாக நேர்ந்ததன்று, நெடுநாள் திட்டத்தின் விளைவு என்பது புலப்படும்.

நமக்கென்ன, அது அவர்கள் வீட்டுச் சண்டை என்று பகுத்தறிவுத் தோழர்கள் ஒதுங்குதல் தகாது. கொள்கையால் ஒன்றுகூடுவதாகச் சொல்லும் எந்த அமைப்புக்கும், நம் மன்றங்கள் உட்பட, சோதனை ஒன்றுதான். மேடையில் பேசும் சமத்துவம் பந்தியிலும், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதிலும், இடுகாட்டிலும் இருக்கிறதா? ‘கருக்கு’ அதைக் கேட்கிறது. மேலூர்ப் படிப்பகங்களில் அந்நூல் இருக்கட்டும். இளைஞர்கள் கூடிப் படித்து, அந்தக் கேள்வியைத் தத்தம் தெருவிலும் கேட்கட்டும்!