இன உறவும் கட்சி விசுவாசமும்
புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகளின் அரசியலை விளக்கப் புகுவோர் பலர் ஓர் எளிய வாய்பாட்டைக் கையாண்டு வந்துள்ளனர். மக்கள் முதலில் ஓர் இனத்தவராகவோ மதத்தவராகவோ இருக்கின்றனர். அதன் பின்னர் அவ்வினத்துக்குரிய கட்சியைத் தெரிந்து அதற்கு விசுவாசமாக இருக்கின்றனர் என்பதே அவ்வாய்பாடு. நைஜீரியா பற்றி எழுதுவோர் இதனை இனக்குழுவாதம் என்பர். நம் நாட்டுப் பத்திரிகைகள் 'இன வாக்கு' என்பர். சொல் வேறுபடினும் கருத்து ஒன்றே. இவ்வாய்பாடு எந்த அளவுக்கு உண்மையை விளக்குகின்றது, எந்த அளவுக்கு அதனை மறைக்கின்றது என்பதைப் புத்தள மாவட்டக் கரையோரத்தின் அனுபவங்கொண்டு பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நைஜீரியாவிலிருந்தே தொடங்குவோம், இவ்வாய்பாடு மிக உறுதியாக நிலைநாட்டப்பட்டதாகக் கருதப்படும் நாடு அதுவே. மேற்கில் யொரூபா மக்களிடையே ஒபாபெமி அவோலோவோவின் அக்சன் குறூப் கட்சியும், வடக்கில் ஹௌசா–புலானி மக்களிடையே அகமது பெல்லோவின் வட மக்கள் காங்கிரசும், கிழக்கில் இக்போ மக்களிடையே நம்டி அசிக்கிவேயின் தேசிய சபையும் செல்வாக்குப் பெற்றிருந்தன. 1966 ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிகளும், 1967 முதல் 1970 வரை நிகழ்ந்த பயாபிரா யுத்தமும் இப்பிளவின் தவிர்க்கமுடியாத முடிவுகள் எனக் கூறப்படுவதுண்டு. ஆயின் கட்சிகளின் தோற்றத்தைக் கூர்ந்து நோக்குவோர்க்கு வேறொன்று புலனாகும். அசிக்கிவேயின் இயக்கம் 1944 இல் தோன்றியபோது ஓரினத்தின் கட்சியாகத் தோன்றவில்லை. மேற்கின் கட்சியும் வடக்கின் கட்சியும் பண்பாட்டுச் சங்கங்களாகத் தொடங்கி, 1951 ஆம் ஆண்டில் பிராந்திய சபைகளுக்கான தேர்தல்கள் வந்தபோதே அரசியற் கட்சிகளாயின. பிராந்தியந்தோறும் ஓர் அரசாங்கம், அவ்வரசாங்கத்தின் கையில் விளைபொருட் சபைகளின் பணமும் பதவிகளும் என்ற அமைப்பு ஏற்பட்டதும், பிராந்தியத்தின் பெரும்பான்மை இனமே கட்சியின் மூலதனமாயிற்று. இனம் கட்சியை உண்டாக்கியது என்பதிலும், அரசு பகிர்ந்தளித்த வளங்களைப் பெறும் பொருட்டுக் கட்சி இனத்தைத் திரட்டியது என்பதே பொருத்தமாகும்.

வடக்கிலேயே இவ்வாய்பாடு உடைந்ததையும் மனங்கொள்ளல் வேண்டும். 1950 இல் தோன்றி, அமினு கானோவின் தலைமையில் வளர்ந்த முற்போக்கு ஐக்கியம் என்ற கட்சி, ஹௌசா முஸ்லிம்களிடையே நின்றே எமிர்களின் ஆட்சியை எதிர்த்துச் சாதாரண மக்களை அணிதிரட்டியது. தெற்கின் தேசிய சபையோடு கூட்டுச் சேர்ந்தது. 1979 இல் அவரது மக்கள் மீட்புக் கட்சி கானோ மாநிலத்தை வென்றது. மொழியாலும் மதத்தாலும் ஒன்றுபட்ட மக்கள் எசமானர், குடியானவர் என்ற அடிப்படையிலே பிளவுபட்டமைக்கு இது தெளிவான சான்றாகும். இத்தகைய சான்றுகளின் துணையோடு, இனக்குழுவாதம் என்பது வர்க்க நலனின் முகமூடி என்ற முடிவுக்கு றிச்சட் ஸ்க்லார் போன்ற ஆய்வாளர் வந்தனர். இம்முடிவு எங்கு பொருந்தும், எங்கு பொருந்தாது என்பதையும் நாம் கீழே நோக்குவோம்.

இனிப் புத்தளத்துக்கு வருவோம். சிங்களவர் பெரும்பான்மையினராக வாழும் இம்மாவட்டத்தின் கரையோரத்தில், புத்தளம், கற்பிட்டி ஆகிய இடங்களில் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர். உடப்பு போன்ற கிராமங்களில் தமிழ் இந்துக்கள் கடற்றொழில் செய்கின்றனர். சிலாபம் முதல் வென்னப்புவை வரையிலும் அதற்குத் தெற்கிலும் கத்தோலிக்க மீனவர் ஊர்கள் தொடர்கின்றன. முன்னேஸ்வரமும் தலவில் புனித அன்னாள் ஆலயமும் மொழிபேதமின்றி அடியார்களை ஈர்ப்பன. கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி (1807–1860), 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலால் தமிழிலக்கிய வரலாற்றில் இடம்பெற்றவர். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழருக்குரிய நியமன உறுப்பினராகவும் இருந்தவர். சபையில் ஆசனங்களை இனவாரியாகப் பங்கிட்டவர் பிரித்தானியர். இன்ன இனத்துக்கு இன்னார் என்ற பிரதிநிதித்துவ முறை, இக்கரையோரத்தைப் பொறுத்தவரை, மக்களின் வாழ்விலிருந்து முகிழ்த்ததன்று. ஆட்சியாளர் வகுத்த ஒழுங்கில் உருவானதாகும்.

இனம் என்பது கல்லில் எழுதிய எழுத்தன்று என்பதற்கும் இக்கரையோரமே சான்று. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட கத்தோலிக்க மீனவர் பலரின் மூதாதையர் தமிழ் பேசினர். இரண்டு மூன்று தலைமுறைகளுள் அவர்தம் வழித்தோன்றல்கள் சிங்களவராயினர். சிலாபம் மறைமாவட்டம் 1939 இல் அமைக்கப்பட்டது. 1940 முதல் 1972 வரை அதன் ஆயராக விளங்கிய எட்மன்ட் பீரிஸ் ஆண்டகையின் காலத்தில் ஆலயத்திலும் பாடசாலையிலும் சிங்களம் இடம்பெற்றமை இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. இன்றும் முதியோர் சிலரின் வீட்டுப் பேச்சிலே தமிழ் எஞ்சியுள்ளது. கடல் மாறவில்லை, தொழில் மாறவில்லை, மதம் மாறவில்லை. குடிசன மதிப்பீட்டு ஏட்டிலே இனம் மாறிற்று. இனமே கட்சி விசுவாசத்தின் நிலையான அடிப்படை என்போர் இந்நிலைமைக்கு என்ன விளக்கந் தருவர்?

சிங்களவரான பின்னரும் இம்மக்கள் எல்லாச் சிங்களவரையும் போல வாக்களித்தனர் என்றுங் கூறவியலாது. 1960–61 ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது கத்தோலிக்கர் பாடசாலைகளுள் புகுந்திருந்து எதிர்ப்புத் தெரிவித்தனர். ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியிடமிருந்து அவர்களுட் பெரும்பாலோர் விலகி, ஐக்கிய தேசியக் கட்சியைச் சார்ந்து நின்றமைக்கு இது முக்கிய காரணமாயிற்று. அன்று கல்வி அமைச்சராக இருந்தவர் பதியுதீன் மஹ்மூத். அவரது கல்விக் கொள்கையால் முஸ்லிம் பாடசாலைகளும் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்களும் பெருகின. அதனால் முஸ்லிம்களுள் ஒரு பகுதியினர் அதே சுதந்திரக் கட்சியை நாடினர். ஒரே கொள்கை அருகருகே வாழ்ந்த இரு சமூகங்களிடையே எதிரெதிரான விசுவாசங்களைத் தோற்றுவித்தது. இவ்விரண்டுக்கும் மூலம் இரத்தமன்று, பாடசாலை. அரசின் வளம் எவ்வழியாக ஊருக்கு வந்தது, எவ்வழியாகப் பறிபோனது என்பதே அங்கு விசுவாசத்தைத் தீர்மானித்தது.

புத்தளம் தேர்தல் தொகுதியின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். தொகுதிவாரித் தேர்தல் முறை நிலவியபோது அத்தொகுதியின் முஸ்லிம்கள் தம்மவர் ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பும் வலிமை பெற்றிருந்தனர். 1947 இல் தெரிவான எச். எஸ். இஸ்மாயில் 1956 முதல் 1959 வரை சபாநாயகராக விளங்கினார். ஐக்கிய தேசியக் கட்சியைச் சேர்ந்த எம். எச். எம். நெய்னா மரிக்கார் 1977 இன் பின்னர்ப் பிரதி நிதியமைச்சராகவும், 1988–89 இல் நிதியமைச்சராகவும் பதவி வகித்தார். தேசியக் கட்சியொன்றுக்கு விசுவாசமாயிருத்தல், அதற்கீடாகப் பதவியும் வீதியும் பாடசாலையும் பெறுதல் என்ற உடன்பாடு இது. சிதறி வாழும் சிறுபான்மையினர்க்கு இவ்வுடன்பாடு நடைமுறை அறிவாகத் தோன்றியதில் வியப்பில்லை. தமிழ்த் தேசிய எழுத்துக்கள் சில இதனைச் சந்தர்ப்பவாதம் என இகழ்ந்தன. வடக்கிலே செறிந்து வாழ்ந்தோர்க்குக் கிடைத்த தெரிவுகள் புத்தளத்து முஸ்லிமுக்கு இருந்தனவா என்ற வினாவை அவை எழுப்பவேயில்லை.

எனினும் இவ்வுடன்பாட்டின் விலை யாது என்பதும் புத்தளத்திலேயே வெளிப்பட்டது. 1976 பெப்ரவரி 2 ஆம் திகதி புத்தளம் பெரிய பள்ளிவாசலினுள் பொலிசார் நடத்திய துப்பாக்கிப் பிரயோகத்தில் முஸ்லிம்கள் உயிரிழந்தனர். ஆட்சியிலிருந்தது சுதந்திரக் கட்சி தலைமையிலான ஐக்கிய முன்னணி. அதிலே செல்வாக்குமிக்க முஸ்லிம் அமைச்சரும் இருந்தார். ஆயினும் பாராளுமன்றத்தில் இதனைக் கிளப்பியவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம். அவர் முஸ்லிமல்லர், புத்தளத்தின் வாக்குகள் அவருக்குத் தேவைப்படவுமில்லை. ஆளுங்கட்சி முஸ்லிம் உறுப்பினர்களிடமிருந்து அதற்கு நிகரான குரல் எழாமை பின்னாளின் முஸ்லிம் அரசியல் எழுத்துக்களில் திரும்பத் திரும்ப நினைவுகூரப்படுகின்றது. தன்னினத்தவர் ஒருவர் சபையிலிருத்தல் வேறு. தன் துயரைப் பேசும் ஒருவர் சபையிலிருத்தல் வேறு. இன வாக்கு வாய்பாடு இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்கின்றது. அதன் அடிப்படைத் தவறு அதுவே என்பது நமது கருத்து.

1978 ஆம் ஆண்டின் யாப்பு தேர்தற் களத்தையே மாற்றியது. விகிதாசார முறையின் கீழ் மாவட்டம் முழுவதும் ஒரே தேர்தற் களமாயிற்று. புத்தளம், ஆனமடுவை, சிலாபம், நாத்தாண்டியா, வென்னப்புவை ஆகிய பழைய தொகுதிகள் வாக்கெண்ணும் பிரிவுகளாக மட்டும் எஞ்சின. 1988 இல் வெட்டுப்புள்ளி 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டமை கிழக்கிலே தோன்றிய முஸ்லிம் காங்கிரசுக்கு வாய்ப்பளித்தது. புத்தளத்திலோ விளைவு வேறாயிற்று. தேசியக் கட்சிகளின் பட்டியலில் நின்ற முஸ்லிம், பெரும்பான்மையினரின் விருப்பு வாக்குகளோடு போட்டியிட்டுத் தோற்றார். தனிக்கட்சிப் பட்டியலில் நின்றவர் வாக்குகள் பிரிந்து தோற்றார். 1989 இன் பின்னர் முப்பதாண்டுகளுக்கு மேலாக மாவட்டத்திலிருந்து முஸ்லிம் ஒருவர் வாக்குகளால் நேரடியாகத் தெரிவாகவில்லை. மக்களின் இனவுணர்வு குன்றியதா? இல்லை. தேர்தற் கணக்கு மாறியது. பழைய உடன்பாடு தன் பயனை இழந்தது.

2020 இல் முஸ்லிம் கட்சிகள் ஒன்றிணைந்து தராசுச் சின்னத்திற் போட்டியிட்டு ஓர் ஆசனத்தை வென்றன. நீண்டகால ஏக்கம் தீர்ந்ததென ஊர் மகிழ்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் சனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20 ஆவது திருத்தத்துக்கு அவ்வுறுப்பினர் ஆதரவாக வாக்களித்தார். கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரித்தே ஆகவேண்டுமென அரசு வற்புறுத்திய காலம் அது. 1976 இல் தேசியக் கட்சிக்கூடாகச் சென்றோர் மௌனித்தனர். 2020 இல் இனக் கூட்டணிக்கூடாகச் சென்றவர் கையுயர்த்தினார். கட்சியின் பெயர் மாறியது. வாக்காளனுக்கும் பிரதிநிதிக்கும் இடையிலான உறவு மாறவில்லை. தேர்தலுக்குப் பின் தம்மைத் தெரிந்தவர்க்குப் பதில் சொல்லும் நியதி எதுவும் அவ்வுறவில் இல்லை.

இதுவரை கூறியவற்றிலிருந்து, இனம் வெறும் முகமூடியே என்ற முடிவுக்கு விரைவோரும் உளர். அவர்களோடும் நாம் உடன்படவியலாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 பேருட் பெரும்பகுதியினர் புத்தளத்தை அடைந்தனர். செல்வரும் வறியவரும் வேறுபாடின்றி, முஸ்லிம்கள் என்ற ஒரே காரணத்துக்காக விரட்டப்பட்டனர். 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தொடர்ந்து, சிலாபத்தில் முகநூற் பதிவொன்றைச் சாட்டாகக் கொண்டு தொடங்கிய வன்முறை கொட்டாரமுல்லையில் ஒரு தச்சரின் உயிரைப் பறித்தது. அவரும் உழைப்பாளியே. தாக்கியோர் அவரது வர்க்கத்தை விசாரிக்கவில்லை. இன ஒடுக்குமுறை உண்மையானது. அதனை வர்க்கம் என்ற சொல்லால் மூடிவிடுதல் முற்போக்காகாது.

அதே வேளையில், 1990 இன் பின்னர் நிகழ்ந்தவை எதிர்த்திசையிலும் பாடம் புகட்டுகின்றன. வந்தவரும் வரவேற்றவரும் ஒரே மதத்தினர், ஒரே மொழியினர். தொடக்கத்தில் ஊரவர் தம் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் திறந்துகொடுத்தனர். காலஞ்செல்லச் செல்ல நிலம், நாட்கூலி, பாடசாலை இடம், பல்கலைக்கழக அனுமதிக் கோட்டா ஆகியவற்றிலே போட்டி எழுந்தது. 'அகதி' என்ற சொல் ஒரு தனிச் சாதிப்பெயர் போலாயிற்று. வந்தோரில் பலரின் வாக்கு வடக்கிலேயே பதிவாகியிருந்தது. உடல் புத்தளத்தில், வாக்கு மன்னாரில் என்ற நிலையில், அவர்களது தலைமையும் வன்னி மாவட்டத்தை மையமாகக் கொண்டே வளர்ந்தது. 2019 நவம்பர் சனாதிபதித் தேர்தலன்று புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றோரின் பேருந்துகள் தந்திரிமலைப் பகுதியிற் சுடப்பட்டன. வாக்குரிமைக்காக உயிராபத்தை ஏற்றுச் செல்லும் மக்களைக் கண்மூடித்தனமான கட்சி விசுவாசிகள் என்று கூறிவிட முடியுமா?

வேறொரு விசுவாசத்தின் தடயங்களும் இக்கரையில் உள்ளன. நுரைச்சோலை அனல் மின்நிலையத் திட்டத்தைக் கத்தோலிக்கத் திருச்சபையும் அயலூர் மக்களும் எதிர்த்தனர். 900 மெகாவாற் ஆற்றல்கொண்ட அந்நிலையத்தின் முதற்கட்டம் 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்த பின்னர், கொழும்பின் குப்பையை வனாத்தவில்லுப் பகுதியின் அருவக்காட்டுக்குக் கொண்டுவரத் திட்டமிட்டபோது 2018, 2019 ஆம் ஆண்டுகளில் முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் ஒன்றாய்த் தெருவில் நின்றனர். நிலக்கரித் தூசும் குப்பையின் கழிவுநீரும் இனம் பார்ப்பதில்லை. ஆனால் அவ்வொற்றுமை நிலையான அமைப்பாக உருப்பெறவில்லை. தேர்தல் வந்ததும் ஒவ்வொருவரும் தத்தம் கட்சிக் கூடாரத்துக்கு மீண்டனர். உயிர்த்த ஞாயிறுக்குப் பின் வீசிய பகைமையும் அதனை நலிவித்தது.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 7 ஐ வென்றது. தெரிவானோருள் முஸ்லிம் ஒருவரும் அடங்குவர். இன வாக்கு மடிந்துவிட்டதெனச் சிலர் மகிழ்கின்றனர். நைஜீரியா 1979 இல் இத்தகைய மகிழ்ச்சியை அறிந்திருந்தது. சனாதிபதியாவதற்கு மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களிலேனும் நான்கிலொரு பங்கு வாக்குப் பெறவேண்டும் என்ற விதியைப் புதிய யாப்பு வகுத்தது. இனப்பெயர் தாங்கிய கட்சிகளைத் தடுத்தது. எனினும் அவ்வாண்டுத் தேர்தலிலேயே அவோலோவோவும் அசிக்கிவேயும் தத்தம் பழைய நிலங்களையே புதிய கட்சிப் பெயர்களோடு வென்றனர். விதிகள் கட்சியின் பெயர்ப்பலகையை மாற்றவல்லன. வளம் பகிரப்படும் வழியை அவை தாமாக மாற்றுவதில்லை.

ஆகவே, புத்தளக் கரையோர மக்கள் எந்தக் கட்சிக்கு வாக்களித்தனர் என்ற கேள்வியோடு ஆய்வு நின்றுவிடுதல் போதாது. அந்த விசுவாசத்துக்குக் கட்சி பதிலாகத் தந்தது யாது, இடுக்கண் வந்தபோது யார் பேசினர், யார் மௌனித்தனர் என்ற கேள்விகளே முதன்மையானவை. மக்கள் கட்சிக்கு விசுவாசமாயிருந்தமைக்கு இக்கரையில் வேண்டியமட்டும் சான்றுண்டு. கட்சிகள் மக்களுக்கு விசுவாசமாயிருந்தமைக்கான சான்றே அரிது. பெரிய பள்ளிவாசலின் சம்பவத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, நேற்றைய கட்சிகளையும் இன்றைய கட்சியையும் ஒருங்கே அளந்து பார்த்தல் நம் ஆய்வாளரின் கடமையாகும்.