தாளில் மிதக்கும் கப்பல்கள்

1805 வரைக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் நாள் நண்பகலில் பிறந்தது. உச்சிச் சூரியனின் உயரத்தை அளந்து முடித்ததும் கப்பல் குறிப்பேட்டில் புதுத் தேதி போடுவார்கள். பிற்பகல் முன்னால் வரும், முற்பகல் பின்னால் வரும். கரையில் இருப்பவனுக்கு 20ஆம் தேதி மாலை என்றால் கப்பலில் அது 21ஆம் தேதியின் தொடக்கம். 1759 நவம்பர் 20 அன்று பிற்பகல், பிரான்சின் கிபெரான் வளைகுடாவில், அட்மிரல் ஹாக் பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயலுக்குள்ளேயே துரத்திப் போய் உடைத்தார். அந்தச் சண்டையை அவருடைய கப்பல்களின் ஏடுகளில் தேடுகிறவர் 21ஆம் தேதியின் கீழே பார்க்க வேண்டும்.

பிரிட்டிஷ் கப்பற்படை வரலாற்றை எழுதும் ஒருவர் இந்த ஏடுகளோடு பழகியவரா, பிறர் எழுதியதைப் பார்த்து எழுதியவரா என்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும். அட்டையில் எரிகிற கப்பலும் உள்ளே பீரங்கி முழக்கமுமாக வருகிற புத்தகங்கள் எத்தனையோ. அவற்றை ஒருமுறை படிக்கலாம். நான் திரும்பத் திரும்ப எடுப்பவை வேறு வகை.

நிலத்தில் நடந்த போர் ஏதாவது ஒன்றை விட்டுப்போகும். ஒரு மேடு, ஒரு நடுகல், ஏர் முனையில் தட்டுப்படும் ஒரு குண்டு. கடல் அடுத்த அலையிலேயே எல்லாவற்றையும் மூடிக்கொள்ளும். மிஞ்சுவது தாள் மட்டுமே. அந்தத் தாளைப் பிரிட்டிஷ் கப்பற்படை மலைமலையாகச் சேர்த்து வைத்திருக்கிறது. கேப்டனின் குறிப்பேடு தனி, பாய்மரக் கப்பலை ஓட்டும் பொறுப்புள்ள மாஸ்டரின் குறிப்பேடு தனி, ஆள் கணக்கு தனி, அரிசிபருப்புக் கணக்கு போல அங்கே ரொட்டிக் கணக்கும் மாட்டிறைச்சிக் கணக்கும் தனி. லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அந்தத் தாளின் சலசலப்பில் கடலைக் கேட்கத் தெரிந்த எழுத்தாளரே எனக்கு உயர்ந்தவர்.

அந்த வகையில் முதலில் சொல்ல வேண்டியது என்.ஏ.எம். ராட்ஜர் 1986இல் வெளியிட்ட 'தி வுடன் வேர்ல்ட்'. ராட்ஜர் அந்தக் காப்பகத்திலேயே பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். ஏழாண்டுப் போர்க் காலத்துக் கப்பல்களின் ஆள்பேரேடுகளை அவர் வாசித்திருக்கும் விதம், நல்ல கர்ணம் ஒருவர் ஊரின் நிலக்கணக்கை வாசிப்பது போன்றது. பேரேட்டில் ஓர் ஆளுக்கு ஒரு வரி. பெயர், கப்பலேறிய தேதி. அதற்கப்பால் சம்பளப் பிடித்தங்கள்: உடுப்புக்கு இவ்வளவு, புகையிலைக்கு இவ்வளவு, மேகநோய் வைத்தியத்துக்கு இவ்வளவு. இறந்துபோனவனின் துணியைப் பாய்மரத்தடியில் ஏலம் விடுவார்கள். அதில் சட்டை எடுத்திருந்தால் அதற்கும் ஒரு கட்டம். கடைசியில் எழுத்துக் குறி. 'டி' என்றால் கப்பலிலிருந்து விடுவிக்கப்பட்டான். 'ஆர்' என்றால் ஓடிப்போனான். 'டிடி' என்றால் செத்துப்போனான். வாழ்க்கை முழுவதும் ஒரு வரியில் முடிந்துவிடும். அந்த வரிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கிப் பார்த்த பிறகுதான் ராட்ஜர் வாய் திறக்கிறார்.

அவர் சொன்னது அன்று பலருக்கு அதிர்ச்சி. போர்க்கப்பல் என்பது சவுக்கடியால் ஓடிய மிதக்கும் சிறை என்ற பழைய சித்திரம் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பொருந்தாது என்றார். கைதேர்ந்த மாலுமி கிடைப்பது அரிது. அரிதானவனை எந்தத் தலைவனும் அடித்தே வேலை வாங்க முடியாது. நல்ல கேப்டன் வேறு கப்பலுக்கு மாறினால் ஆட்கள் கூடவே மாற்றல் கேட்டுப் போனார்கள். சாப்பாட்டுக்கும் கணக்கு காட்டுகிறார். வாரத்துக்கு ஓர் ஆளுக்கு ஏழு பவுண்டு ரொட்டி, ஏழு காலன் பீர், நாலு பவுண்டு மாட்டிறைச்சி, இரண்டு பவுண்டு பன்றியிறைச்சி, அதோடு பட்டாணி, ஓட்ஸ், வெண்ணெய், பாலாடைக்கட்டி. கரையில் கூலிவேலை செய்தவனுக்கு வாரம் நான்கு நாள் இறைச்சி எங்கே கிடைத்தது?

இறைச்சி இல்லாத மற்ற மூன்று நாட்களுக்கு மாலுமிகள் வைத்த பெயர் 'பன்யன் நாள்'. இறைச்சி தொடாத குஜராத் வணிகர்களைப் பார்த்து வைத்த பெயர் அது. சூரத்துக்கு வந்துபோன வாய்கள் கொண்டுபோன சொல், வட அட்லாண்டிக்கின் குளிரில் வெறும் பட்டாணிக் கஞ்சியின் முன்னால் புழங்கியிருக்கிறது. இன்னொன்று, பர்சர் என்ற கப்பல் பண்டகக்காரரின் பவுண்டு. ஊருக்கு 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு என்றால் அவருக்கு 14. கசிவு, கழிவு, எலி எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டில் ஒரு பங்கு முன்கூட்டியே பிடித்தம். 1797இல் ஸ்பிட்ஹெட்டில் நின்ற கப்பற்படை வேலைநிறுத்தம் செய்தபோது மாலுமிகளின் கோரிக்கைகளில் அந்த இரண்டு அவுன்ஸும் இருந்தது, கிடைத்தது.

ராட்ஜரோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இரண்டு ஆண்டு வணிகக் கப்பலில் கழித்துவிட்டு, சொந்தக் கரை கண்ணில் படும் தூரத்தில் வந்துகொண்டிருந்தவனைப் போர்க்கப்பல்காரர்கள் படகில் வந்து பிடித்துக்கொண்டு போன வழக்கத்தை அவர் விளக்குகிறார். ஆள் தட்டுப்பாடு, அரசின் இக்கட்டு எல்லாம் தெளிவாகப் புரிகின்றன. கரையில் காத்திருந்தவளுக்குப் பேரேட்டில் கட்டம் இல்லை. அவள் இந்த வாதத்தில் எங்கோ ஒதுங்கிப்போகிறாள். அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு 1807 வரை காவலாக நின்றதும் இதே கப்பற்படைதான். தாளை நம்பும் வரலாறு தாளில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் காது கொடுக்க வேண்டும். இந்தக் குறையோடும் அந்தப் புத்தகத்தை நான் ஏழெட்டு முறை படித்திருக்கிறேன்.

அதன் பிறகு அவர் செய்தது இன்னும் பெரிய காரியம். 'தி சேஃப்கார்ட் ஆஃப் தி சீ' 1997இலும், 'தி கமாண்ட் ஆஃப் தி ஓஷன்' 2004இலும், 'தி பிரைஸ் ஆஃப் விக்டரி' 2024இலும் வந்தன. கி.பி. 660இல் தொடங்கி 1945இல் முடியும் கதை. அதற்காக அவர் கண்டுபிடித்த உத்தியை நான் கயிறு திரிப்பதோடு ஒப்பிடுவேன். முதல் இரண்டு தொகுதிகளிலும் நான்கு இழைகள்: போரும் அரசியலும் ஓர் இழை, பணமும் நிர்வாகமும் உணவும் ஓர் இழை, மனிதர்கள் ஓர் இழை, கப்பலும் ஆயுதமும் ஓர் இழை. அத்தியாயம் மாறி அத்தியாயமாக நான்கையும் திரித்துக்கொண்டே போகிறார். முதல் வாசிப்பில் பொறுமை சோதிக்கப்படும். சண்டை சூடுபிடிக்கும் நேரத்தில் பீப்பாய் செய்கிறவர்களைப் பற்றிய அத்தியாயம் வரும். இரண்டாம் வாசிப்பில்தான் அந்தப் பீப்பாயே சண்டையை வென்றது தெரியும்.

கிபெரானையே எடுத்துக்கொள்வோம். ஹாக் 1759இல் பிரான்சின் பிரெஸ்ட் துறைமுகத்தின் வாசலில் மாதக்கணக்கில் காவல் நின்றார். அதுவரை இரண்டு மூன்று மாதம் கடலில் நின்றாலே ஸ்கர்வி நோய் ஆட்களைச் சாய்த்துவிடும். ஈறு வீங்கும், பழைய காயம் திறந்துகொள்ளும், ஆள் உட்கார்ந்த இடத்திலேயே இறப்பான். இந்த முறை இங்கிலாந்திலிருந்து உயிருள்ள மாடுகளும் காய்கறியும் பீரும் படகுபடகாக நடுக்கடலுக்கே போயின. ஆறு மாதத்துக்கு மேல் மரச்சுவருக்குள் அடைந்து கிடந்த 14,000 பேர் கரையில் இருப்பவர்களைவிட ஆரோக்கியமாக இருந்ததைக் கண்டு, ஸ்கர்வியை ஆராய்ந்த மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் வியந்து எழுதினார். நவம்பர்ப் புயலில் பாறைகளுக்கு நடுவே பாயைச் சுருக்காமல் துரத்திப் போக ஹாக்குக்குத் துணிச்சல் வந்தது உண்மை. பருமலில் ஏறிப் பாயைக் கட்ட வலுவுள்ள கைகள் அவரிடம் இருந்தன என்பது அதைவிடப் பெரிய உண்மை. முட்டைக்கோஸிலிருந்து வெற்றி வரைக்கும் அறுபடாமல் கயிற்றைக் கொண்டுபோகிற எழுத்து எனக்கு ஒரு நல்ல ஆலாபனையைக் கேட்ட நிறைவைத் தருகிறது.

இந்தத் தாள் மலைக்கு அடிக்கல் நாட்டியவர் சாமுவேல் பெப்பீஸ். நாட்குறிப்பால் உலகம் அறிந்தவர். 1660இல் கப்பற்படை வாரியத்தில் எழுத்தராகச் சேர்ந்தபோது அவருக்குக் கப்பலும் தெரியாது, கணக்கும் தெரியாது. 1662 ஜூலையில், 29 வயதில், 'ராயல் சார்ல்ஸ்' கப்பலின் மேட் என்ற துணை அதிகாரி ஒருவரிடம் வாய்ப்பாடு கற்றுக்கொள்ளத் தொடங்குகிறார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து பெருக்கல் மனப்பாடம் செய்கிறார். மரம் விற்கிறவனும் தார் விற்கிறவனும் அரசை ஏமாற்றாமல் இருக்க வேண்டுமே. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1667 ஜூனில், டச்சுக்காரர்கள் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து அதே 'ராயல் சார்ல்ஸ்' கப்பலை இழுத்துக்கொண்டு போனார்கள். பெப்பீஸ் தம் தங்கத்தை மனைவியிடமும் தந்தையிடமும் கொடுத்து ஊருக்கு அனுப்பிப் புதைக்கச் சொன்னார். அந்தக் கப்பலின் பின்புறச் சிற்பப் பலகை இன்றைக்கும் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. முழுக் கப்பற்படை வரலாற்றையும் எழுத வேண்டும் என்று பெப்பீஸ் வாழ்நாள் முழுவதும் தாள் சேர்த்தார். எழுதாமலே போனார். சேர்த்தது கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரியில் அவருடைய அலமாரிகளிலேயே இருக்கிறது. எழுதப்படாத அந்தப் புத்தகத்தை நினைத்து நான் ஏங்கியதுண்டு.

இனி நான் அதிகம் நேசிக்கும் புத்தகத்துக்கு வருகிறேன். ஆண்ட்ரூ கோர்டனின் 'தி ரூல்ஸ் ஆஃப் தி கேம்', 1996. பொருள் ஜட்லண்ட் சண்டை. 1916 மே 31, வட கடலில் இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் 250 கப்பல்கள். பிரிட்டனின் போர்க்குரூசர் அணித் தலைவர் பீட்டி எதிரியான ஜெர்மனியின் முழுப் படையும் எதிரே வருவதைக் கண்டு வடக்கே திரும்புகிறார். பின்னால் வந்த நான்கு பெரும் போர்க்கப்பல்கள் திரும்பவில்லை. அவற்றின் தலைவர் எவன்-தாமஸ் கொடிக் கட்டளைக்காகக் காத்திருக்கிறார். ஏற்றிய கொடி இறங்கினால்தான் கட்டளை செயலுக்கு வரும். கொடி இறங்கவில்லை. எதிரியின் வாய்க்கு நேராகத் தெற்கே போய்க்கொண்டே இருக்கிறார். அந்த நான்கில் ஒன்றின் பெயர் 'மலேயா'. மலேயக் கூட்டு நாடுகள் பணம் கொடுத்துக் கட்டிய கப்பல். அந்நாட்டு ரப்பர்த் தோட்டங்களில் அப்போது பால் வெட்டிக்கொண்டிருந்தவர்களை நினைத்து, அந்தப் பெயர் வரும் வரிகளில் எனக்குக் கண் நின்றுவிடும்.

இங்கே கோர்டன் கதையை நிறுத்துகிறார். குண்டுகள் காற்றில் இருக்கும்போதே நிறுத்திவிட்டு வாசகரை விக்டோரியா காலத்துக்குக் கூட்டிப்போகிறார், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு. ஒரு மனிதர் ஏன் கொடிக்காகக் காத்திருந்தார் என்பதைச் சொல்ல அவருக்கு அறுபது எழுபது ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

அந்த நீண்ட விலகலின் நடுவில் 1893 ஜூன் 22 வருகிறது. லெபனானின் திரிப்போலிக் கடற்கரை, காற்றில்லாத பகல். மத்தியதரைக்கடல் படையின் தலைவர் சர் ஜார்ஜ் டிரையன் தம் கப்பல்களை இரண்டு வரிசையாக ஓட்டிவந்து, இரண்டும் ஒன்றையொன்று நோக்கி உள்பக்கமாகத் திரும்பக் கட்டளையிடுகிறார். இடைவெளி சுமார் 1,100 மீட்டர். இரண்டு கப்பல்களும் திரும்ப அது போதாது என்பது மேல்தளத்தில் நின்ற பலருக்கும் தெரிகிறது. அடுத்த வரிசையின் தலைவர் மார்க்கம் தயங்குகிறார். எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எல்லோர் கண்ணுக்கும் படும்படி கொடியில் கேள்வி வருகிறது. மார்க்கம் கீழ்ப்படிகிறார். அவருடைய 'கேம்பர்டவுன்' கப்பலின் அணியம் டிரையன் நின்ற 'விக்டோரியா'வின் விலாவில் இறங்குகிறது. சுமார் 13 நிமிடத்தில் டிரையன் உட்பட 358 பேரோடு கப்பல் மூழ்குகிறது. காய்ச்சலில் படுத்திருந்த அதிகாரி ஒருவர் தப்பிக்கிறார். பெயர் ஜெல்லிகோ. 23 ஆண்டுகள் கழித்து ஜட்லண்டில் முழுப் படைக்கும் தலைவர் அவர்தான்.

டிரையன் கொடிகளை வெறுத்தவர். சண்டைப் புகையில் கொடி தெரியாது, கேப்டன்கள் தாமாகவே யோசித்து நடக்க வேண்டும் என்று படையைப் பழக்கிக்கொண்டிருந்தவர். தவறான ஒரு கொடியால் அவர் செத்ததும் அவருடைய பாடமும் கூடவே மூழ்கியது. விதிப்புத்தகக்காரர்கள் வென்றார்கள். அவர்களுடைய பள்ளியில் வளர்ந்த பிள்ளை எவன்-தாமஸ். இதையெல்லாம் சொல்லி முடித்து, விட்ட இடத்துக்கே கோர்டன் நம்மைத் திருப்பிக் கொண்டுவரும்போது அந்த நான்கு கப்பல்களும் இன்னும் தெற்கே போய்க்கொண்டிருக்கின்றன. எவன்-தாமஸ்மேல் கோபம் வருவதில்லை. துக்கம்தான் வருகிறது. கட்டமைப்பில் இவ்வளவு துணிச்சல் காட்டிய வரலாற்று நூல் வேறொன்றை நான் படித்ததில்லை.

கப்பற்படை நாவல்களைப் பற்றி ஒரு வார்த்தை. பேட்ரிக் ஓ'பிரயனின் இருபது நாவல்களில் மருத்துவர் மாட்டுரினுக்குக் கப்பலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் கேட்கும் கேள்விகளால்தான் நாம் கயிறுகளின் பெயரைக் கற்கிறோம். இந்த உத்தியை வரலாறு எழுதுகிறவர்கள் ஓ'பிரயனிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஹெர்பர்ட் ரிச்மண்டின் 'தி நேவி இன் இந்தியா', 1931. ரிச்மண்ட் தாமே அட்மிரலாக இருந்தவர், நடை வறட்சிதான். ஆனால் அதன் வரைபடத்தில் இருப்பது நம் கரை. 1782, 1783 ஆண்டுகளில் எட்வர்ட் ஹியூஸும் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரனும் மோதிய ஐந்து சண்டைகளில் நான்கின் பெயர்கள் சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். வடகிழக்குப் பருவக்காற்று வந்தால் சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்க இடமில்லை. அடிப்பாகம் பழுதுபார்க்கும் உலர்துறையோ பம்பாயில்தான் இருந்தது. அதனால் ஐப்பசி பிறந்தால் ஹியூஸ் சென்னையை விட்டுப் போயாக வேண்டும், கரையில் இருப்பவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும். சுஃப்ரன் குளிர்காலத்துக்கு சுமத்ராவின் ஆச்சேவுக்குப் போனார். நம் மீனவர்களுக்குக் கரைக்குக் கரை தெரிந்த வாடையும் கொண்டலும் ஒரு பேரரசின் கால அட்டவணையைப் போட்டுக் கொடுத்ததை ரிச்மண்டின் பக்கங்களில் பார்க்கலாம்.

கடலூர்ச் சண்டை 1783 ஜூன் 20இல் நடந்தது. ஹியூஸிடம் 18 கப்பல்கள், சுஃப்ரனிடம் 15. ஹியூஸின் ஆட்கள் ஸ்கர்வியில் சுருண்டு கிடந்தார்கள், குடிநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அந்தி வரை சுட்டுக்கொண்டார்கள், இரு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். பிரான்சும் பிரிட்டனும் வெர்சாயில் சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டு அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்தத் தாள் கடலில் வந்துகொண்டிருந்தது. சண்டை முடிந்து ஒன்பதாம் நாள், வெள்ளைக் கொடி ஏற்றிய ஒரு கப்பலில் அது கடலூர் வந்து சேர்ந்தது.