ஊர்கொலையும் இரு கல்வெட்டுகளும்

புறத்திணைக்கு இலக்கணம் வகுத்த தொல்காப்பியர், வெட்சித் துறைகளுள் ஒன்றாக ‘ஊர்கொலை’யை வைத்தார். ஆகோளுக்கு முன்னர் அது நிற்கின்றது. போரில் ஊர் கொல்லப்படும் என்பதைத் தமிழிலக்கணம் மறைக்கவில்லை. ஆயின் கொல்லப்பட்டோரைப் பற்றிப் பாட்டும் உரைநடையும் யாது கூறின என்பது தனியே ஆராயத்தக்கது.

புறநானூற்று 9ஆம் பாட்டில் நெட்டிமையார், போர் தொடங்குமுன் ஆவும் பார்ப்பனரும் பெண்டிரும் பிணியுடையோரும் மக்கட்பேறில்லாதோரும் அரண் சேருமாறு அறிவிக்கும் அறநெறியைப் போற்றுகின்றார். 57ஆம் பாட்டோ வேறு வகையினது. காரிக்கண்ணனார் பாண்டியனை நோக்கிக் கதிர் முற்றிய வயலைக் கொள்ளையிடவும் பேரூரை எரியூட்டவும் இசைந்து, காவல்மரத்தை மட்டும் வெட்டாதிருக்க வேண்டுகின்றார். அம்மரங்கள் நின் யானைகளைக் கட்டும் தறியாகா என்பது அவர் காட்டும் காரணம். இதனைத் துணைவஞ்சி என்பர். வேந்தனைத் தணிக்க முயலும் புலவர் மரத்துக்காகப் பேசினார். ஊராருக்காகப் பேச அவருக்கு இடமிருந்ததாகத் தோன்றவில்லை.

பிற்காலச் சான்றுகள் இரண்டு நடுநாட்டில் உள்ளன. முதுகுன்றம் எனப் பழம்பெயர் பெற்றதும் இன்று பீங்கான் தொழிலால் அறியப்படுவதுமாகிய விருத்தாசலத்துக் கோயிலில், 1186ஆம் ஆண்டைச் சார்ந்த காடவர் கல்வெட்டு ஒன்று செய்யுளாக உள்ளது. காடவராயன் தன் குலமுறையைக் கூறி, கூடலையும் அதியமான் நாட்டையும் அழித்ததைப் பெருமையாக மொழிகின்றான். அச்செய்யுளில் ஊர் என்பது வென்றவன் புகழுக்கு ஓர் அடைமொழியாகச் சுருங்கி விடுகின்றது.

மற்றொன்று கடலூரை அடுத்த திருவயிந்திரபுரத்து உரைநடைக் கல்வெட்டு. மூன்றாம் இராசராசனின் 16ஆம் ஆட்சியாண்டினது. காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். அவன் படை நாட்டையும் திருமால் கோயில்களையும் அழித்தது என்று அது தொடங்குகின்றது. இதற்கு எதிராகப் போசள வேந்தன் இரண்டாம் நரசிம்மன் அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்னும் தலைவர்களை ஏவினான். அவர்கள் சென்ற வழி ஊர் ஊராகக் கூறப்படுகின்றது. இடையில் தில்லைப் பெருமானை வணங்கினர், மேலும் சென்று ஊர்களைச் சுட்டனர், பயிரையும் நீர்நிலைகளையும் அழித்தனர், பெண்டிரைப் பிடித்தனர், கொள்ளையிட்டனர். இறுதியில் கோப்பெருஞ்சிங்கன் பணிந்து சோழனை விடுவித்தான்.

மெய்க்கீர்த்திகளில் மிகைகூறல் இயல்பாதலின் இதுவும் புனைவே எனச் சிலர் கூறலாம். அது பொருந்தாது. மிகைகூறும் மரபு மலைகளையும் கடல்களையும் நாடும்; இக்கல்வெட்டோ சிற்றூர்ப் பெயர்களை வரிசைப்படுத்துகின்றது. செயலை முடித்தோர் தந்த அறிக்கையின் நடையே இதில் உள்ளது. மேலும், நாட்டை அழித்தான் என்று பகைவனைக் குற்றஞ்சாட்டித் தொடங்கும் இந்நடை, அதே செயலைத் தன் பக்கத்துக்கு வெற்றியாக்கி முடிகின்றது. முன்னும் பின்னும் வினை ஒன்றே. செய்தவர் மாறியதால் அதன் பெயர் மாறியது. இம்முரண் எழுதினோர்க்குப் புலப்படவில்லை; கோயிற் சுவரில் வெட்டுதற்கு உரியதென்றே கருதினர்.

மாண்டோருள் பெயர் பெற்றவர் படைத்தலைவர்களே. ஊரார்க்குப் பெயருமில்லை, தொகையுமில்லை. பிரான்சு நாட்டு ஒரதூர் சுர் கிளான் என்னும் சிற்றூரில் 1944 சூன் 10இல் செருமானியப் படையினர் 640க்கு மேற்பட்டோரைக் கொன்றனர். அவ்வூரின் இடிபாடுகள் இன்றும் காக்கப்படுகின்றன. இறந்தோர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. அங்கே பட்டியல் மாண்டவருடையது. நம் கல்வெட்டில் பட்டியல் வென்றவருடையது.

ஆதலின் ஊர்கொலையையும் எரிபரந்தெடுத்தலையும் ‘மரபு’ என்னும் ஒரு சொல்லால் கடந்து செல்லுதல் திறனாய்வுக்கு ஏலாது. மரபு என்பது பாடும் முறைக்கே விளக்கமாகும். சுடப்பட்ட ஊருக்கு அது விளக்கமாகாது. புறத்துறைக்கு உரை காண்போர் திருவயிந்திரபுரத்து உரைநடையையும் உடன்வைத்துப் பயில்வாராயின், துறைப்பெயர் குறிக்கும் பொருளின் கொடுமை விளங்கும். பாட்டின் நயமும் அதனாற் குறைவதில்லை. 57ஆம் பாட்டில் புலவர் கூறாது விட்டது எத்துணைப் பெரிது என்பதும் அப்போதே தெளிவாகும்.